எட்டாம் எண் கண்ணாடி

கண்ணாடியக்காவுக்கு மூக்குக்கண்ணாடி கிடையாது. ஐம்பத்து மூன்று வயதிலும் முதல் தடவையிலேயே ஊசியில் நூல் கோத்துவிடுவாள். பெயர் வந்தது வேலையால். ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்தில், இழுத்து மூடப்பட்ட போட்டோ ஸ்டூடியோக்களிலிருந்து வந்துசேர்ந்த கண்ணாடி நெகட்டிவ்கள் ஒன்பதாயிரம் அவள் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றும் ஒரு காகித உறைக்குள், மரப்பெட்டியில், நின்றபடியே இருக்கும். படுக்கவைத்து அடுக்கினால் மேலே உள்ளவற்றின் கனத்தில் அடியில் இருப்பது விரிசல் விட்டுவிடும்.

நெகட்டிவில் முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் தெரியும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குப் பேய்க் கூட்டம்போல இருக்கும். அவளுக்கு அப்படியில்லை. ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும். “இந்தம்மா தலைக்குச் சாயம் பூசியிருக்காங்க. இந்தப் பெரியவருக்கு இருக்கறது கட்டின பல்லு” என்று சொல்லிவிட்டு உறையில் போட்டுவிடுவாள்.

இந்த ஒன்பதாயிரத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் ஒரே ஸ்டூடியோவிலிருந்து வந்தவை. அதன் முதலாளி ஒவ்வொரு கண்ணாடிக்கும் ரோமன் எண்ணில்தான் நம்பர் போட்டிருந்தார். பகட்டு என்று பலர் நினைத்தார்கள். அவளுக்குத்தான் காரணம் தெரியும். படம் பதிகிற மருந்து பூசிய பக்கத்தின் ஓரத்தில் ஊசியால் கீறித்தான் எண் போட வேண்டும். வளைவு வந்தால் ஊசி வழுக்கும், மருந்து செதில் செதிலாகப் பெயரும். மூன்று, ஆறு, எட்டு, ஒன்பது எல்லாமே வளைவு. I, V, X, L, M எல்லாம் நேர்க்கோடு. C-யைக்கூட அவர் ஒரு மூலையாகத்தான் மடக்கியிருப்பார். D ஒரு முக்கோணம்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடிக்கு இரண்டு பக்கம். மருந்துப் பக்கம் மங்கலாக இருக்கும், மறுபக்கம் பளபளக்கும். பக்கம் பார்க்காமல் படித்தால் ஒன்பது பதினொன்றாகிவிடும், நாலு ஆறாகிவிடும். பத்தொன்பது வருட வேலையில் அந்தத் தப்பை ஒருநாளும் செய்ததில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். வீட்டில் கணவரிடம் மட்டும் சொல்லிக்கொள்வாள். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர்.

“எனக்கும் ரோமன் எண்தான் சோறு போடுது” என்பார் அவர்.

“உங்க கணக்கு பன்னண்டோட முடிஞ்சுடும். நான் ஆயிரக்கணக்குல பாக்கறவ.”

“பன்னண்டுதான். ஆனா திரும்பத் திரும்ப வருதே. உன்னோடது ஒரு தரம் போனா போச்சு.”

அவர் போய்ப் பத்து மாதமாகிவிட்டது. தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மகள் வேறு ஊரிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, சுவரில் மாட்ட எந்தப் படத்தைப் பெரிதாக்குவது என்று கேட்பாள். பார்த்துச் சொல்கிறேன் என்று இவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். பகல் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவளுக்கு, வீட்டு அலமாரியில் அவர் படங்கள் இருந்த அந்த ஒரு கவரைப் பிரிக்கக் கை வரவில்லை.

அந்தப் புதன்கிழமை பிற்பகல், பஸ் டிரைவர் ஒருவர் உடுப்போடு கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். நாற்பத்தெட்டு வயது இருக்கும். படியிலேயே நின்றுவிட்டார்.

“மேலே கேட்டா கீழே போங்கன்னாங்க. கீழே பாத்தா விளக்கே இல்ல. தப்பான எடத்துக்கு வந்துட்டேனா மேடம்?”

“சரியான எடம்தான். வெளிச்சம் இதுங்களுக்கு ஆகாது. உக்காருங்க. என்ன வேணும்?”

“எங்கம்மா வேணும்” என்றார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. “அதாவது, போட்டோ.”

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த ஒரு ரசீது. மடித்த இடமெல்லாம் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்துவிடும்போல இருந்தது. மேலே ஸ்டூடியோவின் பெயர். கீழே மையில் ஒரு தேதி, VIII என்று ஓர் எண். ‘ஒரு வாரம் கழித்து வரவும்’ என்று அச்சடித்த ஒரு வரி.

“எங்கப்பா டெய்லர். இப்ப எழுபத்தெட்டு. நேத்து வந்தவங்கள மறந்துடுவாரு. நாப்பத்தாறு வருஷத்துக்கு முந்தி தெச்ச கோட்டுக்கு எத்தனை பட்டன்னு சரியா சொல்வாரு. பத்து நாளைக்கு முன்னாடி பர்ஸுக்குள்ளேர்ந்து இதை எடுத்துக் குடுத்து, ஒரு வாரம் ஆயிடுச்சுடா, போட்டோ ரெடியா இருக்கும், போய் வாங்கிட்டு வா, உங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்கான்னாரு.”

“அம்மா?”

“இதை எடுத்த நாலாம் நாள் போயிட்டாங்க. காய்ச்சல். எனக்கு ரெண்டு வயசு. அப்பா அதுக்கப்புறம் அந்த ஸ்டூடியோ பக்கமே போகல. ரசீதை மட்டும் வெச்சிருந்திருக்காரு. எனக்கே இப்பத்தான் தெரியும்.”

“வேற படம் ஒண்ணும் இல்லையா?”

“கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு இருந்துச்சாம். வீடு மாறினப்போ பெட்டியோட தொலைஞ்சுது.” அவர் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். “எனக்கு அவங்க முகமே தெரியாது மேடம். கண்ணாடி முன்னாடி நின்னு, இந்த மூஞ்சியில அப்பா ஜாடையைக் கழிச்சா மிச்சம் அம்மாவா இருக்கும்னு கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன். சரியா வரல. மிச்சம் மூக்கு மட்டும்தான் வருது.”

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். எட்டுதானே, முதல் பெட்டியில் எட்டாவது உறை. கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம். எடுத்து வந்து விளக்குப் பெட்டியின்மேல் வைத்தாள். மொட்டைத் தலையோடு ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு நாய். இருவருக்கும் ஒரே மாதிரி மீசை.

டிரைவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“எங்கம்மாவா இருக்காது” என்றார் கடைசியில், மரியாதையாக.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டாம் எண் என்றால் கடை திறந்த முதல் வாரம். கடை திறந்து எழுபத்தொன்பது வருடம் ஆகிறது. ரசீதிலோ நாற்பத்தாறு வருடத்துக்கு முந்தைய தேதி.

“நம்பரைத் தப்பா எழுதியிருக்காங்க போல” என்றாள்.

“அப்ப கிடைக்காதா?”

“தேடணும். ஐயாயிரத்துல ஒண்ணு. இடுப்புல கொழந்தை வெச்ச பொம்பளைங்க படமே ஐநூறு இருக்கும். எது உங்கம்மான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.”

“அப்பாவுக்குத் தெரியும். ஆனா அவர் எவ்வளவு நாள்…” அவர் முடிக்கவில்லை.

ரசீதை அவள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள். டிரைவர் படியேறும்போது அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள். அன்று காலையில்தான் ஒரு பட்டியலில் கையெழுத்துப் போட்டிருந்தாள். காப்பகம் புதுக் கட்டிடத்துக்கு மாறுகிறது. அங்கே அலமாரி குறைவு. இரட்டைப் பிரதிகள் மூன்று பெட்டி, எண் படிக்க முடியாதவை இரண்டு பெட்டி, ஆக ஐந்து பெட்டியைக் கழித்துவிடுவது என்று முடிவு. பெட்டிகளைப் பின்முற்றத்தில் உடைந்த ஜன்னல் கண்ணாடிகளோடு வைத்தாகிவிட்டது. மறுநாள் பத்து மணிக்குக் கண்ணாடி உருக்கும் ஆலையிலிருந்து லாரி வரும். அதைப்பற்றி அவள் அப்போது நினைக்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டில், சமையல் மேடையில் உலை கொதிக்கும்வரை ஜெராக்ஸைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் போன் செய்தாள்.

“பாத்தியாம்மா அந்தக் கவரை?”

“நாளைக்குப் பாக்கறேன்.”

“பத்து மாசமா நாளைக்கு. நான் இங்க இருக்கற படத்தையெல்லாம் பாத்துட்டேன். சிரிக்கறதெல்லாம் ஆடிப்போயிருக்கு. ஒண்ணுதான் தெளிவா இருக்கு. அதுல அப்பா முறைக்கிறார்.”

“எது, மேசை முன்னாடி உக்காந்திருக்கறதா?”

“அதேதான். யாரைப் பாத்து முறைக்கிறார்?”

“என்னைத்தான். திருகாணித் தட்டைத் தட்டி விட்டுட்டேன். நாப்பது திருகாணி. ரெண்டு பேரும் தரையில உக்காந்து ராத்திரி வரைக்கும் பொறுக்கினோம்.”

“அது வேணாம்மா. சுவர்லேர்ந்து தெனமும் உன்னை முறைச்சிக்கிட்டே இருப்பார்.”

போனை வைத்துவிட்டு மறுபடி ஜெராக்ஸைப் பார்த்தாள். ரசீதின் மடிப்பு எண்ணுக்கு மேலாகப் போயிருந்தது. ஜெராக்ஸில் அந்த மடிப்பு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சாம்பல் நிறத்தில் மங்கலாக ஓடியது. ஆனால் V-க்கு மேலே மட்டும், V-யின் அகலத்துக்கு மட்டும், ஒரு கோடு கறுப்பாக இருந்தது. மடிப்பு அப்படி ஒரு எழுத்தின் தலையில் மட்டும் கறுக்காது. அது மை. யாரோ பேனாவை வைத்து இழுத்த கோடு.

ஜெராக்ஸை விளக்குக்குக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

அந்தக் கோட்டை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். பத்தொன்பது வருடத்துக்கு முன், பழைய செய்தித்தாளில் சுற்றி வந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓரத்தில் இருந்த எண்ணைப் படித்து, உறைமேல் எழுதியவள் அவள்தான். ஸ்டூடியோவின் பதிவேடுகளைக் கரையான் தின்றிருந்தது; கண்ணாடியைத் தவிர வேறு சாட்சி இல்லை. சிலவற்றில் V-யின் தலைக்கு மேல் ஒரு சிறு கீறல் இருந்தது. அந்த ஸ்டூடியோவில் பிரிண்ட் போடும்போது படத்தை எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கும் ஓரத்தில் இப்படித்தான் சின்னக் கீறல் போடுவார்கள். நூற்றுக்கணக்கான கண்ணாடிகளில் பார்த்திருந்தாள். இதுவும் வெட்டுக்குறிதான் என்று அவளே தீர்மானித்து, எழுத்தை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

பென்சிலை எடுத்தாள். ரோமன் எண்ணில் M என்றால் ஆயிரம். நாலாயிரத்துச் சொச்சம்வரை ஸ்டூடியோ முதலாளி நாலு M போட்டுச் சமாளித்திருக்கிறார். அதற்குமேல் ஐந்து M, ஆறு M என்று கண்ணாடி ஓரத்தில் கீறிக்கொண்டிருக்க இடம் ஏது? எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டால் ஆயிரம் மடங்கு. கல்லூரியில் ஒரு வகுப்பில் ஒரே ஒரு நாள் கேட்டது. ஐயாயிரம் யாருக்கு வேண்டியிருக்கிறது என்று எல்லாரையும்போல அவளும் மறந்துவிட்டாள். V என்றால் ஐந்து. V̄ என்றால் ஐயாயிரம். V̄III என்றால் ஐயாயிரத்து மூன்று.

சரியா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். தேதி தெரிந்த படங்களை வைத்துப் பார்த்தால் ஸ்டூடியோ வருடத்துக்குச் சுமார் நூற்றைம்பது படம் எடுத்திருக்கிறது. கடை திறந்ததற்கும் ரசீதுத் தேதிக்கும் நடுவே முப்பத்து மூன்று வருடம். பெருக்கினால் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

‘படிக்க முடியாதவை’ என்று எழுதி வைத்த இரண்டு பெட்டியும் அப்போது கண்முன் வந்தன. அவற்றில் இருந்ததெல்லாம் VXII, VCL என்ற மாதிரி, உலகத்தில் இல்லாத எண்கள். பன்னிரண்டுக்கு முன்னால் ஓர் ஐந்து வந்து உட்கார முறையே கிடையாது. கடைசிக் காலத்தில் கிழவருக்குக் கை நடுங்கியிருக்கும், புத்தி தடுமாறியிருக்கும் என்று அவள் பரிதாபப்பட்டு ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த மனிதருக்குக் கையும் நடுங்கவில்லை, புத்தியும் தடுமாறவில்லை. ஐயாயிரத்துப் பன்னிரண்டு, ஐயாயிரத்து நூற்றைம்பது என்று அழகாக எழுதிக்கொண்டு போயிருக்கிறார். ஐயாயிரத்து மூன்றின் கோட்டை இவள் கழற்றியதும் அது எட்டாகிவிட்டது. எட்டாம் உறை ஏற்கெனவே இருந்ததால், ‘VIII (2)’ என்று எழுதி இரட்டைப் பிரதிகள் பெட்டியில் போட்டிருப்பாள். எண்ணை மட்டும் பார்த்து, மொட்டை மனிதரை நாயோடு இரண்டு தரம் எடுத்திருப்பார்கள் என்று நினைத்திருப்பாள்.

அந்தப் பெட்டி இப்போது பின்முற்றத்தில் இருந்தது.

காப்பக அதிகாரிக்குப் போன் செய்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார், நாளைக்கு அந்த லாரி வேணாம் சார்.”

“ஏம்மா? இடம் காலி பண்ணச் சொல்லி மேலேர்ந்து நெருக்கறாங்க.”

“அதுல இருக்கறது கழிவு இல்ல சார். என் தப்பு. நேர்ல சொல்றேன்.”

“லாரி பத்து மணிக்குத்தானே வரும். நான் ஒம்பதுக்கு வந்துடறேன். அதுக்குள்ள யாரும் தொட மாட்டாங்க. பதறாதீங்க.”

அவள் காலையில் எட்டேகாலுக்கே போய்ச் சேர்ந்தாள். லாரி அதற்கு முன்பே வந்திருந்தது. ஜன்னல் கண்ணாடிகளைச் சரிவாகச் சாத்திவிட்டு, மேஸ்திரி ஒருவர் நான்காவது மரப்பெட்டியை இரண்டு பேரைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று பெட்டி ஏற்கெனவே மேலே ஏறிவிட்டது.

“மேஸ்திரி, நிறுத்துங்க. அதை எறக்குங்க.”

“எறக்கறதா? ஏத்தத்தானே எங்களை அனுப்பியிருக்காங்க.” அவர் மடித்து வைத்திருந்த பட்டியலை எடுத்து நீட்டினார். “அஞ்சு பெட்டி. கீழே கையெழுத்து இருக்கு பாருங்க. யாரோ பொம்பளைக் கையெழுத்து.”

“என்னோடதுதான்.”

மேஸ்திரி அவளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்களே போட்டு, நீங்களே வேணாங்கறீங்க. வீட்டுல என் சம்சாரமும் இப்படித்தான். ஆனா அவ கையெழுத்துப் போட்டுக் குடுக்க மாட்டா, அதான் வித்தியாசம்.”

“திட்டறதை அப்புறம் திட்டுங்க அண்ணா. மொதல்ல எறக்குங்க.”

“பெட்டி வழுக்கி மேல விழும். நீங்க தள்ளி நில்லுங்க.”

அவள் தள்ளி நிற்கவில்லை. லாரியின் பின்பக்கம் கால் வைத்து ஏறிவிட்டாள். கடைசியாகப் படி இல்லாத இடத்தில் ஏறியது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. முழங்கால் கண்ணாடித்தூளில் பட்டுக் கீறியது. ஒரு பெட்டி சாய்ந்து, படிக்க முடியாதவற்றில் ஓரத்தில் இருந்த சில உறைகள் நசுங்கியிருந்தன. பெட்டியை நிமிர்த்தியபோது உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் பல வருடம் மறக்கவில்லை.

அதிகாரி வந்தபோது அவள் லாரிமேல் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அங்கேயே, குனிந்து பார்க்கிற மேஸ்திரி முன்னிலையிலேயே, எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தைகூடக் குறைக்கவில்லை. தன் மடியில் ஜெராக்ஸை வைத்து, V-யையும் கோட்டையும் காட்டினாள்.

அதிகாரி ரொம்ப நேரம் கோட்டையே பார்த்தார். அவருக்குச் சீக்கிரம் கோபம் வரும் என்று அலுவலகத்தில் பேச்சு உண்டு.

“அந்த ரெண்டு பெட்டியிலயும் எவ்வளவு?”

“நூத்தி எண்பத்தேழு. இரட்டைன்னு நான் ஒதுக்கினதுல இன்னும் நாலு.”

“இந்தப் பட்டியல்ல உங்க கையெழுத்துக்குக் கீழே என்னோடது இருக்கு. நான் ஒரு பெட்டியையாவது தெறந்து பாத்தேனா? பாக்கல. திட்டு வந்தா ரெண்டு பேருக்கும் பாதி பாதி.” அவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். “அஞ்சு பெட்டியும் இங்கேயே இருக்கட்டும். ஜன்னலை மட்டும் எடுத்துட்டுப் போங்க.”

“அப்ப எனக்கு யாரு கையெழுத்துப் போடுவா?” என்றார் மேஸ்திரி.

“நான் போடறேன். இந்த அம்மா கொஞ்ச நாளைக்கு எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதையும் வெளியே விடவில்லை. இரட்டைப் பிரதிகள் பெட்டியைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். V (2). VI (2). VII (2). அடுத்தது VIII (2). இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணாடியின் ஒரு மூலை சிறிது பெயர்ந்திருந்தது. பழைய பெயர்ப்பு, இன்றையது அல்ல. பின்முற்றத்துக் காலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

மொட்டைத் தலையும் இல்லை, நாயும் இல்லை. நாற்காலியில் இருபத்து நான்கு வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி. மடியில் ஒரு குழந்தை. ஒரு காலில் மட்டும் ஷூ. நாற்காலிக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஓர் இளைஞன். கறுத்த முகமும் வெளுத்த முடியும் அவள் கண்ணுக்கு ஒரு நொடியில் நேராகிவிட்டன. அந்தப் பெண்ணின் மூக்கை அவள் நேற்றுதான் பார்த்திருந்தாள், பஸ் டிரைவர் உடுப்பில். ஓரத்தில் V, அதன் தலையில் ஊசியால் நிதானமாக இழுத்த ஒரு கோடு, பிறகு மூன்று I.

கண்ணாடியை மெதுவாக உறைக்குள் இறக்கினாள்.

“கிடைச்சுதா?” என்றார் மேஸ்திரி.

“கிடைச்சுது அண்ணா” என்றாள்.

“நல்லவேளை. நான் பெட்டிக்கு ஒரு ஒதை விட்டு உள்ளே தள்ளலாம்னு நெனச்சேன். இடுப்பு வலின்னு விட்டுட்டேன்.”

காப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில் அவளே பிரிண்ட் போட்டாள். தாளை மருந்துத் தண்ணீரில் அலசியபோது முகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரிக்காதது மட்டுமல்ல, நன்றாக முறைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவளே கொண்டுபோனாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை. சுவரோரம் மூடி போட்ட பழைய தையல் இயந்திரம். ஜன்னலுக்கு அருகே கட்டிலில் பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டிரைவர் லீவு போட்டிருந்தார். வாசலிலேயே நின்று படத்தை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் தன் மூக்கை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

“அப்பா, ஸ்டூடியோவுலேர்ந்து வந்திருக்காங்க.”

“ஒரு வாரம்னு சொன்னாங்க” என்றார் பெரியவர் அவளைப் பார்த்து. குரலில் குற்றச்சாட்டு இருந்தது.

“கொஞ்சம் தாமதமாயிடுச்சுங்க ஐயா. நம்பர் மாறிப்போச்சு. என் தப்புதான்.”

“பரவால்ல. குடும்மா.”

படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். துணியின் தையலைச் சோதிப்பதுபோல ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார். பிறகு நடுவில் நிறுத்தினார்.

“இன்னும் கோபம் போகல பாரு இவளுக்கு.”

“ஏன்பா கோபம்?” என்றார் மகன். கட்டில் அருகே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“மூணு மணிக்கு வரேன்னு சொல்லிட்டு நாலரைக்குத்தான் வந்தேன். ஒரு கோட்டுக்குக் காலர் சரியா விழல, பிரிச்சுத் தெச்சேன். இவ ரெண்டு மணிலேர்ந்து உன்னை இடுப்புல வெச்சிக்கிட்டு ஸ்டூடியோ வாசல்ல நிக்கறா. நீ ஒரு ஷூவைத் தூக்கி எறிஞ்சுட்ட, கிடைக்கவே இல்ல. சிரிங்கன்னு அந்த மனுஷன் கேட்டாரு. இவ சொல்றா, அவரைச் சரியான நேரத்துக்கு வரச் சொல்லுங்க, சிரிக்கறேன்னு.”

மகனுக்குத் தாயின் குரல் முதல் தடவையாகக் கேட்டது. அதில் ஒரு திட்டு இருந்தது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பெரியவர் படத்தை மார்போடு வைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினார். “ரசீது எங்கடா?”

மகன் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதைப் பிரித்து, விரலால் தடவி, கண்ணாடியக்காவிடம் நீட்டினார்.

“படம் வந்தாச்சு. இதை நீங்க வெச்சுக்குங்க.”

“இது உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா. இவ்வளவு வருஷம் வெச்சிருந்தீங்க.”

“வாங்கினதுக்கப்புறம் ரசீது கடைக்காரங்ககிட்டதான் இருக்கணும். இல்லாட்டி இன்னும் வாங்கலன்னு அர்த்தம். நானும் கடை வெச்சவன்மா.” பேனா கேட்டு வாங்கி, ரசீதின் பின்புறம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொடுத்ததும் தலையணையில் சாய்ந்தார். தோள் இறங்கிற்று. ரொம்ப நேரம் தூக்கிவைத்திருந்த எதையோ கீழே வைத்தவர்போல ஒரு மூச்சு விட்டார்.

திங்கட்கிழமை அவள் கீழ்த்தளத்தில், கூர்சீவிய பென்சிலும் அளவுகோலுமாக உட்கார்ந்தாள். மீட்ட பெட்டிகளில் ஏழு கண்ணாடிகள் உடைந்திருந்தன. அவற்றைத் தனியே துணியில் வைத்திருந்தாள். மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, உறையில் இருந்த V-யின் தலையில் ஒரு கோடு போட்டாள். முதலில் ‘VIII (2)’ என்ற உறை. அடைப்புக்குறியையும் இரண்டையும் அடித்தாள், கோடு போட்டாள், ரசீதை உள்ளே சொருகினாள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு குடும்பம் எங்கிருந்தோ திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நாற்பதாவது உறைக்கு வந்தபோதுதான், காலையிலிருந்து தான் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குப் போன் செய்தாள்.

“அந்த முறைக்கிற படத்தையே பெருசு பண்ணிடு.”

“நிஜமாவாம்மா?”

“நிஜமாத்தான். நாப்பது திருகாணின்னு சொன்னேன்ல. முப்பத்தொம்போதுதான் கிடைச்சுது. அவருக்கு முறைக்க நியாயம் இருக்கு.”